மல்லாக்க நீச்சலும் நேர்கோடும்

போட்டி நீச்சலின் நான்கு வகைகளில், தான் போகும் பக்கத்தைப் பார்க்க முடியாமல் நீந்துவது மல்லாக்க நீச்சலில் மட்டும்தான். முகம் வானத்தைப் பார்த்திருக்கும், தலை முன்னே போகும், கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் விட்டுவந்த பக்கம்தான். மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலேயே இருப்பதால் மூச்சுவிடும் சிக்கல் இதில் குறைவு. புதிதாகக் கற்கும் பலருக்கு இது பிடித்துப்போவதற்கு அதுவே காரணம். ஆனால் நாலு கை போட்டதும் அடுத்த தொல்லை தொடங்குகிறது: உடல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. குளம் என்றால் தடங்களைப் பிரிக்கும் கயிற்றில் கை இடிக்கும். கண்மாய் என்றால் போய்ச் சேர நினைத்த இடம் ஒன்று, கரையேறும் இடம் இன்னொன்று. கையில் பலமில்லை, கவனம் இல்லை என்று கற்பவரைக் கடிந்துகொள்வது வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. மனிதப் புலன்களின் எல்லையும் தண்ணீரின் இயற்பியலும் சேர்ந்துதான் உடலைக் கோணலாக இழுத்துப் போகின்றன. இரண்டையும் புரிந்துகொண்டு பயிற்சி செய்தால் யாரும் நேராக நீந்தப் பழகலாம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நீச்சல் பல தலைமுறைகளாகக் கிணற்றில் கற்கும் வித்தை. வைகையில் நீந்தும் அளவுக்குத் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ, இடுப்புக் கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டோ பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். குடுக்கையின் இடத்தை இப்போது பிளாஸ்டிக் கேனும் லாரி டியூபும் பிடித்துக்கொண்டன. கிணற்றில் மல்லாக்கக் கிடப்பது இளைப்பாறத்தான். பத்துப் பன்னிரண்டு மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கிணற்றிலும் சில கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் உடல் கொஞ்சம் திரும்பினாலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் கிணற்றில் நன்றாகத் தேறியவர்கூட, ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க நீச்சல் குளம் போன்ற ஓரிடத்துக்கு வந்து மல்லாந்து நீந்தும்போது கயிற்றில் போய் மோதுகிறார். அவருடைய நீச்சலில் புதிதாக எந்தக் குறையும் முளைத்துவிடவில்லை. முன்பே இருந்த சிறு கோணல் வெளியே தெரிவதற்கான நீளம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

அந்தக் கோணல் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வதேசப் போட்டிக் குளத்தில் ஒரு தடத்தின் அகலம் 2.5 மீட்டர். நடுவில் நீந்துகிறவரின் தோளுக்கும் கயிற்றுக்கும் இடையே இரு பக்கமும் ஏறக்குறைய 1 மீட்டர்தான் இடம். 25 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஒதுங்க வேண்டுமென்றால், புறப்படும் திசை 2.3 டிகிரி பிசகினாலே போதும். நேராகப் புறப்பட்டு மெல்ல மெல்ல வளைகிறவருக்கோ இன்னும் சிறிய பிழை போதும். இரு கையும் ஒரு சுற்று போட்டால் 1.5 மீட்டர் நகர்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் 0.3 டிகிரிக்கும் குறைவாகத் திரும்பினாலே 25 மீட்டர் முடிவதற்குள் கயிற்றைத் தொட்டுவிடுவார். திறந்த நீர்ப்பரப்பில் இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகிறது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி, அதாவது ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். அவ்வளவு அகலமான நீரை 10 டிகிரி பிசகிய திசையில் கடப்பவர் எதிர்க்கரையில் குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்கும் மேல் விலகித்தான் கரையேறுவார்.

கண்ணின் உதவி இல்லாமல் மனிதர்களால் நேராகப் போக முடிவதில்லை. இது தண்ணீருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அமீபாவின் அசைவை ஆராய்ந்து பெயர் பெற்ற அமெரிக்க விலங்கியலாளர் ஏசா ஷேஃபர் 1928இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களும் நீந்தியவர்களும் சுருள் சுருளான பாதையில் சென்றதைப் பதிவு செய்தார். 2009இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சோமனும் உடன் பணியாற்றியவர்களும் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். ஜெர்மனியின் காட்டிலும் துனிசியாவின் சகாராப் பாலைவனத்திலும் ஆட்களை மணிக்கணக்கில் நடக்கவிட்டு, அவர்கள் சென்ற வழியைச் செயற்கைக்கோள் கருவியால் பதிந்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் தம்மை அறியாமலே வட்டமிட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் வட்டத்தின் விட்டம் சில சமயம் 20 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதுதான் காரணம் என்ற பழைய நம்பிக்கையை அந்த ஆய்வு ஏற்கவில்லை. ஒரே ஆள் ஒரு முறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் திரும்பினார். ‘இதுதான் நேர்’ என்று மூளை வைத்திருக்கும் கணிப்பில் ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை சேர்கிறது. திருத்துவதற்கு வெளியே ஓர் அடையாளம் இல்லாவிட்டால் அந்தப் பிழைகள் கூடிக்கொண்டே போகின்றன. மல்லாக்க நீந்துகிறவரின் நிலையும் இதுவே.

திருப்பத்தை உணர்வதற்கென்றே உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழலும்போது அவற்றினுள் இருக்கும் நீர்மம் பின்தங்கி, நுண்ணிய மயிர்ச் செல்களை வளைக்கிறது. இந்த அமைப்பு வேகமான திருப்பத்தை நன்றாகப் பிடிக்கும்; வினாடிக்கு ஒரு டிகிரிக்கும் கீழான மெதுவான திருப்பத்தைப் பெரும்பாலும் தவறவிடும். மேலே சொன்ன கற்பவர் ஒரு சுற்றுக் கைவீச்சுக்கு 2 வினாடி எடுத்துக்கொண்டால், வினாடிக்குச் சுமார் 0.15 டிகிரிதான் திரும்புகிறார். காது அதை அறியவே அறியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நடக்கும்போது திசை திரும்பினால் முதன்மையாகத் தூண்டப்படுவது கிடைமட்டக் குழல். மல்லாந்து கிடக்கையில் அதே திருப்பம், மூக்கிலிருந்து பிடரிக்குச் செல்லும் அச்சைச் சுற்றிய சுழற்சியாகிவிடுகிறது. அதை அறிய வேண்டிய பொறுப்பு மற்ற இரண்டு குழல்களுக்குப் போகிறது. புவியீர்ப்பை உணரும் உறுப்பும் உதவாது. தலை எந்தத் திசைக்குத் திரும்பினாலும் பூமி பிடரிக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஆக, நேராகப் போகிறேன் என்று கற்பவர் உறுதியாக நம்புவது பொய்யில்லை. அவருக்குக் கிடைக்கும் தகவல் அப்படித்தான் சொல்கிறது. கயிற்றில் கை இடித்ததும் அவர் திடுக்கிடுவது அதனால்தான்.

புலன் பிழையைக் கண்டுபிடிக்கத் தவறுகிறது. பிழையை உண்டாக்குவது கைகள். வலக்கை தண்ணீரைப் பாதப் பக்கமாகத் தள்ளும்போது உடல் தலைப் பக்கமாக நகர்கிறது. ஆனால் அந்த விசை உடலின் நடுக்கோட்டில் பாய்வதில்லை. அரை மீட்டர் அளவு தள்ளி, பக்கவாட்டில் பாய்கிறது. அதனால் உடல் முன்னே போவதோடு சிறிது திரும்பவும் செய்கிறது. வண்டியூர்த் தெப்பத் திருவிழாவில் தெப்பத்தை வடம் பிடித்து இழுக்கும்போது, ஒரு பக்க வடத்தில் மட்டும் இழுப்பு கூடினால் தெப்பத்தின் முகம் திரும்பிவிடும். நீந்துகிற உடலுக்கு இந்த ஒரு பக்க இழுப்பு ஒவ்வொரு கைவீச்சிலும் நிகழ்கிறது. வலக்கையின் இழுப்பு உடலை இடக்கைப் பக்கம் திருப்பும், இடக்கையின் இழுப்பு மறுபக்கம் திருப்பும். இரண்டும் சமமானால் உடல் மெல்லிய நெளிவோடு நேராகப் போகும். ஒன்று சற்றே ஓங்கினால் பாதை வளையும். இடப்பக்கக் கயிற்றில் அடிக்கடி இடிக்கிறவர் தன் இடக்கையின் இழுப்பு குறைவா, வலக்கை நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே வலம், இடம் என்பவற்றில் ஒரு குழப்பம் உண்டு. வடக்கு நோக்கிக் குப்புற நீந்துகிறவரின் வலக்கை கிழக்கில் இருக்கும். அவரே மல்லாந்து வடக்கே போனால் வலக்கை மேற்கில் இருக்கும். கரையில் நிற்கும் பயிற்சியாளர் “வலப்பக்கம் வா” என்று கத்தினால், கற்பவர் அதற்கு நேர்மாறான பக்கம் போவதற்கு வாய்ப்பு அதிகம். “சுவர்ப் பக்கம் வா”, “கயிற்றை விட்டு விலகு” என்று இடத்தைச் சுட்டிச் சொல்வதே தெளிவு.

ஒருமுறை திரும்பத் தொடங்கிய உடலைத் தண்ணீர் தானாக நேராக்கிவிடாது. நீண்டு ஒடுங்கிய எந்தப் பொருளும் நீர்மத்திலோ காற்றிலோ சற்றுச் சாய்ந்த திசையில் போனால், அதை மேலும் குறுக்கே திருப்பும் ஒரு முறுக்கு விசை உண்டாகிறது. ஆகாயக் கப்பல்களின் உடல்மீது செயல்படும் விசைகளை ஆராய்ந்த மாக்ஸ் மங்க் 1924இல் இதை விளக்கினார். ஆகாயக் கப்பலின் வாலில் பெரிய துடுப்புகளை வைத்தது இதற்காகத்தான். நீந்துகிறவருக்கு அந்த வேலையைச் செய்வது கால்கள். விடாமல் அடிக்கும் பாதங்கள் உடலை முன்னே தள்ளுவதோடு, பின்பகுதி பக்கவாட்டில் ஆடாமலும் பிடித்துக்கொள்கின்றன. மல்லாக்க நீச்சலில் காலடி தளர்ந்தால் வேகம் குறைவதற்கு முன்பே திசை கெடுகிறது. களைத்துப்போனவர்கள் குளத்தின் கடைசிப் பகுதியில் கோணலாகப் போவதைக் கவனித்தால் இது விளங்கும்.

இந்தச் சிக்கல் மல்லாக்க நீச்சலின் பழைய வடிவத்தில் இவ்வளவு இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மல்லாக்க நீச்சல் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. குளத்தில் இல்லை, சேன் ஆற்றில் நடந்தது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹோப்பன்பெர்க் வென்றார். அந்தக் காலத்தில் இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இழுப்பார்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே விசை என்பதால் திருப்பம் குறைவு. 1912இல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவின் ஹாரி ஹெப்னர் கைகளை மாற்றி மாற்றிப் போட்டு 100 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரு கை தண்ணீருக்கு மேலே போகும்போது மறு கை இழுத்துக்கொண்டே இருப்பதால் வேகம் விட்டுவிட்டு வராமல் சீராகக் கிடைத்தது. பிறகு உலகம் முழுதும் அந்த முறைக்கே மாறியது. வேகத்துக்காகக் கைகளை மாற்றிப் போடத் தொடங்கியதில்தான் இன்று கற்பவர் படும் கோணல் தொல்லை வந்து சேர்ந்தது. பழைய இரட்டைக் கை முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நேராகப் போகப் பழக்குவதற்கான பயிற்சியாகப் பயிற்சியாளர்கள் அதை இன்றும் கொடுக்கிறார்கள்.

கையின் பிழைகளில் மிகப் பரவலானது, தலைக்குப் பின்னால் கை நடுக்கோட்டைத் தாண்டி விழுவது. தலை உச்சியை 12 மணி என்று கொண்டால் வலக்கை 1 மணியிலும் இடக்கை 11 மணியிலும் தண்ணீரைத் தொட வேண்டும். கற்பவரின் கை 12 மணியைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். ஆனால் நேரே போனதாகவே அவர் நினைப்பார். அப்படி விழுந்த வலக்கை, இழுக்கும் இடத்துக்கு வருவதற்குத் தண்ணீரை முதலில் வெளிப்பக்கம் தள்ளியாக வேண்டும். அதன் எதிர்விசை தோளை இடப்பக்கம் தள்ளும், இடுப்பு வலப்பக்கம் ஆடும். இரண்டு கையிலும் இந்தப் பிழை இருந்தால் உடல் நெளிந்து நெளிந்து போகும். ஒரு கையில் மட்டும் இருந்தால் பாதை வளையும். இதற்குத் தரப்படும் மருந்து சற்று மிகையானது: 2 மணி, 10 மணி என்று கையை அகலமாக வைக்கச் சொல்வார்கள். அகலமாக வைப்பதாகக் கற்பவர் நினைக்கும்போதுதான் கை சரியான இடத்தில் விழும். சுண்டுவிரல் முதலில் நீரைத் தொட வேண்டும், கட்டைவிரல் முதலில் நீரை விட்டு எழ வேண்டும். உள்ளே போன கை, முழங்கையை மடித்து, உடலுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பாதம் நோக்கித் தள்ள வேண்டும். நீட்டிய கையை அரைவட்டமாகச் சுழற்றினால் விசை நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் விலகி, உடலைத் திருப்புவதிலேயே பாதி வீணாகும்.

தோள் உருளலாம், தலை உருளக்கூடாது. நன்றாக நீந்துகிறவரின் தோள்கள் ஒவ்வொரு கைவீச்சுக்கும் இரு பக்கமும் 40 டிகிரி அளவுக்கு உருளும். அந்த உருளலால்தான் கை ஆழத்துக்குப் போகிறது, மறு தோள் தண்ணீருக்கு மேலே எழுகிறது. தலை மட்டும் அசையாமல், காதுகள் நீரில் நனைய, முகவாய் நெஞ்சிலும் ஒட்டாமல் மேலேயும் தூக்காமல் இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் முதுகுத்தண்டே வில்லாக வளைகிறது, உடல் அந்த வளைவின் வழியே போகிறது. எங்கே போகிறோம் என்று பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினாலோ இடுப்பும் காலும் அமிழும். வாலாக நின்ற பாதங்கள் ஆழத்துக்குப் போய்விடும். பாதி நிரப்பிய சிறு பிளாஸ்டிக் பாட்டிலை நெற்றியில் நிறுத்திக்கொண்டு நீந்துவது இதற்கான பழைய பயிற்சி. முதலில் கையை அசைக்காமல் காலடி மட்டும், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு கை. பாட்டில் எப்போது விழுகிறதோ அப்போதுதான் தலை ஆடுகிறது என்று கற்பவரே அறிந்துகொள்வார். எத்தனை முறை சொல்லியும் புரியாத ஒன்றை அந்தப் பாட்டில் ஒரே நாளில் புரியவைத்துவிடும்.

கையும் தலையும் சரியான பிறகும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைத் திருத்த வெளியே ஓர் அடையாளம் வேண்டும். கூரையுள்ள குளத்தில் உத்தரமோ விளக்கு வரிசையோ கோடாக நீண்டிருக்கும். அதை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டால் போதும். திறந்தவெளிக் குளத்தில் மேலே வெறும் வானம். மேகத்தை அடையாளமாகக் கொள்வது ஆபத்து. வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் நகரும் மேகம், கற்பவர் 25 மீட்டர் நீந்தும் அரை நிமிடத்துக்குள் 150 மீட்டர் ஓடிவிடும். சூரியன் நம்பகமானது. ஒரு நிமிடத்தில் கால் டிகிரிதான் நகர்கிறது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்பதை வைத்தே திசையைக் காத்துக்கொள்ளலாம். நேரே பார்க்கத்தான் கூடாது. நண்பகலில் மதுரையில் இந்த வழி கைகொடுக்காது. 10 டிகிரி வட அட்சரேகைக்கு அருகில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. கோடை வகுப்புகள் நடக்கும் மாதங்களில் மல்லாந்து நீந்துகிறவரின் கண்ணில் நேரே பாயும் வெயில் அது. காலை வகுப்பைத் தேர்ந்தெடுப்பதும், கறுப்புக் கண்ணாடி பதித்த நீச்சல் கண்ணாடி அணிவதும் சொகுசில் சேராது.

வானத்தைவிட நல்ல அடையாளம் பக்கத்திலேயே இருக்கிறது. இருபுறக் கயிறுகளும் ஓரப்பார்வையில் தெரியும். இரண்டுக்கும் இடையே நடுவில் இருக்கிறோமா என்பதைத் தலையைத் திருப்பாமலே அறியலாம். கயிற்றைக் கை தொட்டுவிட்டால் குற்றமில்லை. அதைப் பிடித்து இழுத்து முன்னேறுவதுதான் குற்றம். குளத்தின் இரு முனைகளிலும் சுவரிலிருந்து 5 மீட்டரில், நீருக்கு மேல் 1.8 மீட்டர் உயரத்தில் குறுக்காகக் கட்டப்படும் கொடிக்கயிறு தூரத்தைக் காட்டுவதற்காகக் கட்டப்படுவது. அது திசையையும் காட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தடத்துக்குச் செங்குத்தாகக் கட்டியிருப்பதால், நேராக வருகிறவருக்கு அது மூக்கின் கோட்டைச் சரியாகக் குறுக்கே வெட்டும். சாய்ந்து தெரிந்தால் உடல் சாய்ந்திருக்கிறது.

பார்வையே இல்லாதவர்களும் மல்லாக்க நேராக நீந்துகிறார்கள். பார்வையற்றோருக்கான பாரா நீச்சலின் எஸ்11 பிரிவில் எல்லோரும் ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். அவர்களில் பலர் தடத்தின் நடுவில் நீந்த முயல்வதில்லை. ஒரு பக்கக் கயிற்றையொட்டி, விரலோ தோளோ அதை இலேசாகத் தொட்டுக்கொண்டே போகும்படி நீந்துகிறார்கள். சுவரை நெருங்கும்போது கரையில் நிற்கும் உதவியாளர், நுனியில் மெத்தென்ற பந்து வைத்த கோலால் தட்டி அறிவிக்கிறார். நாக்பூரைச் சேர்ந்த காஞ்சன்மாலா பாண்டே 2017இல் மெக்சிகோவில் நடந்த உலகப் பாரா நீச்சல் போட்டியில் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் தங்கம் வென்றார். அதில் நான்கில் ஒரு பங்கு, 50 மீட்டர், மல்லாக்க நீச்சல். கண் செய்ய வேண்டிய வேலையைத் தோலின் தொடுவுணர்வு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கற்பவர்களும் தொடக்கத்தில் சுவரோரமோ கயிற்றோரமோ நீந்திப் பழகுவது வெட்கப்படும் காரியமே இல்லை.

கண்மாயில் கயிறும் கிடையாது, கொடியும் கிடையாது. ஆனால் மல்லாந்திருப்பவருக்குக் கரை தெரியும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் பாதப் பக்கம் இறக்கினால், புறப்பட்ட கரை பார்வைக்குள் வரும். அதில் ஓர் அடையாளம் போதாது, ஒரே நேர்கோட்டில் இரண்டு வேண்டும்: கண்மாய்க் கரையில் ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் தொலைவில் யானைமலையோ நாகமலையோ. 50 மீட்டர் தள்ளியுள்ள பனைமரமும் 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள மலைமுகடும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகின்றன என்று கொள்வோம். நீந்துகிறவர் 2 மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கினால் மரம் மலையை விட்டு 2 டிகிரிக்கு மேல் விலகித் தெரியும். கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரலின் அகலம் அவ்வளவு இருக்கும், கண்ணுக்குத் தப்பாது. துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகளை நடுவதும் இதே வடிவியல்தான்.

பிழை எங்கே இருக்கிறது என்று அறியாமல் திருத்த முயல்வதில் பயனில்லை. அதனால் நீச்சலைப் பிரித்துப் பிரித்துச் சோதிக்க வேண்டும். முதலில் சுவரை உதைத்துப் புறப்பட்டு, எதுவும் செய்யாமல் மிதந்து போக வேண்டும். அப்போதே கோணலானால் பிழை பாதங்களைச் சுவரில் வைத்த விதத்தில் இருக்கிறது. அடுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் பூட்டிக்கொண்டு காலடி மட்டும். இதில் ஒதுங்கினால் கைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு கால் வலுவாகவும் மறு கால் மெத்தனமாகவும் அடிக்கிறது, அல்லது தலை சாய்ந்திருக்கிறது. பிறகு இரண்டு கையும் சேர்த்துப் போடும் பழைய முறை. அதன்பின் ஒரு கையை உடலோடு ஒட்டவைத்து மறு கையால் மட்டும் நீந்துவது. உடல் ஒரு பக்கம் திரும்பத்தான் செய்யும். வலக்கையால் போகும்போது திரும்பும் அளவும் இடக்கையால் போகும்போது திரும்பும் அளவும் ஒன்றா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தோள் மூட்டின் இறுக்கம் இரு பக்கமும் வேறுபடுவது இந்தக் கட்டத்தில் அம்பலமாகும். கடைசியில் முழு நீச்சல். அதில் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கையோ தலையோ சமமாக இல்லை. ஒருமுறை இப்பக்கம், ஒருமுறை அப்பக்கம் என்றால் அடையாளம் பார்த்துத் திருத்தத் தெரியவில்லை. நடுவிலேயே இருந்தும் உடல் நெளிந்தால் கை நடுக்கோட்டைத் தாண்டுகிறது. ஒரு வகுப்பில் ஒன்றை மட்டும் திருத்துவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொன்னால் கற்பவருக்கு உடல் விறைத்துவிடும், விறைத்த உடல் மிதக்காது.

கோணலாகப் போவதால் தூரம் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. இடமும் வலமுமாக 10 டிகிரி நெளிந்து 50 மீட்டர் நீந்தினாலும் கூடுதல் தூரம் சுமார் 77 சென்டிமீட்டர்தான். உண்மையான இழப்பு தண்ணீரின் எதிர்ப்பில் இருக்கிறது. குறுக்கே சாய்ந்த உடல் தண்ணீருக்குக் காட்டும் பரப்பு கூடுகிறது, அதற்கேற்ப எதிர்ப்பும் கூடுகிறது. கற்பவர்கள் சீக்கிரம் களைப்பது இதனாலும்தான். மேல்மட்டத்தில் சிறு நெளிவுக்கும் விலை உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து நீந்திய மூவரில் இருவர், பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜும் குஜராத்தின் மானா படேலும், மல்லாக்க நீச்சல் வீரர்கள். 2021 ஜூனில் ரோமில் 100 மீட்டரை 53.77 வினாடியில் கடந்து ஸ்ரீஹரி தேசியச் சாதனை படைத்தார். ஒலிம்பிக் தகுதிக்கான எல்லை 53.85. இடைவெளி 0.08 வினாடி, அவர் சென்ற சராசரி வேகத்தில் அது 15 சென்டிமீட்டர் தூரம். பாதை முழுதும் 3 டிகிரி நெளிந்திருந்தால், கூடுதல் தூரம் மட்டுமே அந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

நேராக நீந்தத் தெரிந்தவருக்கும் முடிவில் ஒரு சுவர் காத்திருக்கிறது, அதை அவர் பார்க்க முடியாது. கொடிக்கயிறு தலைக்கு மேல் வந்ததும் எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்திருக்க வேண்டும். பலருக்கு அது 4 முதல் 7 கைக்குள் இருக்கும். வேகம் கூடினால் எண்ணிக்கை மாறும் என்பதால் அவ்வப்போது மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். கிணற்றிலும் கண்மாயிலும் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. அங்கே கரையில் ஒருவர் நின்று குரல் கொடுக்காமல் மல்லாந்து தூரம் போகக்கூடாது. மல்லாக்க நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குளங்களில், பள்ளிக் குளமானாலும் தனியார் குளமானாலும், வகுப்பு தொடங்கும் முன் கொடிக்கயிறு கட்டியிருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு கம்பமும் ஒரு கயிறும் கொஞ்சம் துணியும்தான் செலவு.